நூலக இணையவாசலும் பழுதான பதிவுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் திறமூல மென்பொருள்களைக் கொண்டு தமக்கென இணையவாசல் அமைத்துக்கொள்வது வரவேற்கத்தக்கது. நியூசிலாந்தின் ஒரு சிறு நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த ‘கோஹா’, நூற்பட்டியலையும் நூல் வழங்கலையும் கவனித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் ஹெச்பி நிறுவனமும் 2002-இல் வெளியிட்ட ‘டிஸ்பேஸ்’ ஆய்வேடுகளைச் சேமிக்கிறது. இரண்டிலும் உள்ளவற்றை ஒரே பெட்டியில் தேட ‘வூஃபைண்ட்’ உண்டு. எதற்கும் உரிமக் கட்டணம் இல்லை.

ஆனால், இணையவாசல் குறித்த கூட்டங்களில் முகப்புப் பக்கத்தின் நிறமும், யார் படம் எங்கே வர வேண்டும் என்பதும் பேசப்படும் அளவுக்கு, உள்ளே இருக்கும் நூற்பதிவுகளின், அதாவது ஒவ்வொரு நூலின் தலைப்பு, ஆசிரியர் முதலிய விவரங்களின் நிலை பேசப்படுவதில்லை. இன்றைய பொதுக் கணினி எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்த் தலைப்புகள், புதிய மென்பொருளுக்கு மாற்றப்பட்டதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் நிற்கின்றன. மாணவர் யுனிகோடில் தேடினால் ‘முடிவுகள் இல்லை’ என்றே வரும். நூலோ அலமாரியில்தான் இருக்கும். ரோமன் எழுத்தில் பதிந்தவற்றிலும் ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டல்களில் கிடக்கிறது. வூஃபைண்ட் பதிவுகளைத் திரட்டித் தருமே தவிர, திருத்தித் தராது.

இதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நூற்பதிவுகளுக்கான தர வடிவமான மார்க் 21-இன் 880-ஆம் புலம், ரோமன் வடிவத்துக்கு இணையாகத் தமிழ் போன்ற பிற எழுத்து வடிவத்தை அதே பதிவில் வைப்பதற்கென்றே உள்ளது. பழைய எழுத்துருக்களை யுனிகோடாக மாற்றும் நிரல்களும் கிடைக்கின்றன. எனினும், ஒரே புலத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் அந்நிரல் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்துகளாக்கிக் குழப்பிவிடும் என்பதால், நூலைக் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். இந்த வேலையைக் கணினித் துறை மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டமாக ஒப்படைப்பது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் படிப்பை முடித்துப் போன பின் பராமரிக்கவும் ஆள் இருப்பதில்லை.

எனவே, நூலகக் குழுக்கள் திட்ட மதிப்பீடு தயாரிக்கும்போதே, மிச்சமாகும் உரிமக் கட்டணத்திலிருந்து பதிவுத் திருத்தத்துக்கெனப் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவரின் ஊதியத்தைத் தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும். தமிழ் நூல்களின் பதிவுகளேனும் திருத்தி முடிந்த பிறகு திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கலாம்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்