அட்டனார்ஜுவாட் படத்தை முழுசாகப் பார்க்க வைத்தவர்களுக்கு

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களின் பழங்கதை ஒன்றை வைத்து எடுத்த படம் இது. முதல் நன்றி ஒட்டாவாவில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்கு. அந்த வடக்கில் இருக்கும் பாஃபின் தீவில் பிறந்தவர். "முதல் அரைமணி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடாது, அதற்காக எழுந்து போய்விடாதே" என்று எச்சரித்து, இரண்டு குடும்பங்களையும் ஒரு தாளில் கோடு போட்டு எழுதியும் கொடுத்தார். அந்தத் தாள் மட்டும் இல்லையென்றால் சத்தியமாகப் பாதியில் நிறுத்தியிருப்பேன். பனிக்குடிலுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் தோல் உடுப்பில் இருக்கிறார்கள், எங்கிருந்தோ வந்த மந்திரவாதி ஒருவனால் தலைவர் சாகிறார், பகை அடுத்த தலைமுறைக்குப் போகிறது, இதற்கெல்லாம் படம் நின்று விளக்கம் சொல்வதே இல்லை. கிழவி பனிக்பாக் சின்னப் பெண் அட்டுவாத்தை அம்மா என்று கூப்பிடுவது ஏன் என்றும் அக்காதான் சொன்னார்: கிழவியின் இறந்துபோன தாயின் பெயரை அந்தக் குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள், பெயரோடு உறவும் கூடவே வந்துவிடுகிறது. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கிற நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

அப்புறம் நூலகத்தில் குறுந்தட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தவருக்கும், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் என்று தெரிந்தும் தொலைக்காட்சியை விட்டுக்கொடுத்த வீட்டுக்காரருக்கும் நன்றி. (நடுவில் அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார், அது வேறு கதை.)

பெரிய நன்றி இக்லூலிக் ஊருக்கு. கனடாவின் வடக்கே நுனாவுட் பகுதியில் ஒரு சின்னத் தீவு அது. அங்கே பால் அபாக் அங்கிலிர்க் என்பவர் எட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு விதமாகச் சொன்ன அந்தப் பழங்கதையைப் பதிவு செய்து திரைக்கதையாக்கினார். படம் முடிவதற்குள் 1998-ல் இறந்தும்போனார். ஸக்கரியாஸ் குனுக் இயக்கினார், நார்மன் கோன் ஒளிப்பதிவு செய்தார், ஊர்க்காரர்களே நடித்தார்கள், துருவமான் தோலிலும் சீல் தோலிலும் பழைய முறைப்படி உடை தைத்ததும் அந்த ஊர் ஆட்கள்தான். முழுக்க இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் வந்த முதல் கதைப்படம் இது. 2001-ல் கான் விழாவில் முதல் பட இயக்குநருக்கான தங்கக் கேமரா விருதைப் பெற்றது.

ஓட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. பகைக் குடும்பத்து ஓக்கியும் கூட்டாளிகளும் தூங்குகிறவர்கள் மேல் கூடாரத்தைச் சாய்த்து ஈட்டியால் குத்த, அண்ணன் அமாக்ஜுவாக் செத்துப்போக, தம்பியும் கதாநாயகனுமான அட்டனார்ஜுவாட் அம்மணமாக வெளியே பாய்ந்து கடல் பனி மேல் ஓடுகிறான், ஓடுகிறான், உருகிய நீர்க் குட்டைகளில் கால் சளக் சளக்கென்று விழுகிறது, பாதம் கிழிந்து ரத்தம் வருகிறது, பின்னால் மூன்று பேர் விடாமல் துரத்துகிறார்கள். எனக்கு உள்ளங்கால் கூசியது. அந்தக் குளிரில் அப்படி ஓடிய நடிகர் நட்டார் உங்கலாக்குக்குத் தனியாக ஒரு கும்பிடு.

முடிவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பழங்கதையில் அவன் திரும்பி வந்து பழி தீர்க்கிறான். படத்திலோ ஓக்கியைக் கீழே தள்ளி, ஓங்கிய ஆயுதத்தைத் தலைக்குப் பக்கத்தில் பனியில் இறக்கிவிட்டு, கொலை இத்தோடு போதும் என்கிறான். குற்றம் செய்தவர்களை ஊரைவிட்டு அனுப்பும் தீர்ப்பைச் சொல்பவர் பனிக்பாக் கிழவி. ஓக்கி அவருடைய சொந்தப் பேரன். மூத்தவர்கள் சொன்ன கதையில் கைவைக்க ஒரு துணிச்சல் வேண்டும், அந்தத் துணிச்சல்தான் எனக்குப் படத்திலேயே ரொம்பப் பிடித்தது. வெட்டிச் சாய்த்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன், ஆனால் மறுநாளே மறந்திருப்பேன்.

பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதே என்று சொன்னதற்கும் நன்றி அக்கா. இந்தக் காலத்து உடுப்பில் நடிகர்கள், சறுக்குவண்டியில் கேமரா, முன்னால் ஓடும் அதே மனிதன், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. இதே குழு 2006-ல் எடுத்த இன்னொரு படமும் இருக்கிறதாமே? அதற்கும் ஒரு தாள் எழுதித் தாருங்கள், இந்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தில்.