ரெக்கார்டு நோட்டுக்குக் காசு

கோத்தகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே மழை விடவில்லை. மேல்தோட்டத்துக் கொழுந்தெல்லாம் கொப்புள நோய். பூச்சியா என்று சித்தப்பா கேட்டார். பூஞ்சை என்றேன். "அதுவும் செடிதானே?" என்றார். முன்பு செடியோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள், 1969-ல் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகமாகப் பிரித்தபோது பூஞ்சைக்குத் தனி இடம் கொடுத்தார் என்று, நீ ப்ளஸ் டூவில் கத்திக் கத்திப் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். மனிதர் வாயடைத்துப் போனார். நம் வரையாடு இமயமலை வரையாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருக்கம், 2005-ல் மரபணுவை வைத்துத் தனிப் பேரினமாக்கிவிட்டார்கள் என்று சொன்னவளும் நீதானே. அவ்வளவு பேசுகிற பெண், ஒரு போனுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய்.

பிராக்டிகல் நெருங்கியிருக்குமே. போன வருடம் இந்நேரம் ரெக்கார்டு நோட்டு பைண்டிங்குக்குக் காசு கேட்டாய். இந்த முறை கேட்கவில்லை. சரி, கையில் இருந்திருக்கும்.

மைக்ரோஸ்கோப்பில் லோ பவரில்தான் ஆரம்பிக்க வேண்டும். கண்ணருகு லென்ஸ் 10, பொருளருகு லென்ஸ் 4, ஆக 40 மடங்கு. அதில் பொருளைத் தேடிப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த லென்ஸ். ஸ்லைடை வலப்பக்கம் தள்ளினால் பிம்பம் இடப்பக்கம் ஓடும், பதறாதே. ஹை பவருக்குப் போனபின் பெரிய திருகைத் தொடாதே, லென்ஸ் போய் ஸ்லைடில் இடிக்கும். கவர் ஸ்லிப்பைச் சாய்த்துப் பிடித்து, ஓரம் தண்ணீரைத் தொட்டதும் மெல்ல இறக்கு. தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். கறுப்பு விளிம்போடு அழகாக உருண்டையாக இருக்கும். அதையே செல் என்று வரைந்து பெயரும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் எங்கள் லேபில் எத்தனையோ பேர். நீ ஒன்பதாம் வகுப்பிலேயே குமிழி எது, செல் எது என்று பார்த்ததும் சொல்வாய். டீச்சரே என்னிடம் வந்து சொன்னார்.

அத்தை மகன் போன புதன்கிழமை பகலில் காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையில் உன்னைப் பார்த்தானாம். கவுண்டருக்கு உள்பக்கம் நின்றாயாம். அவன் யாரைப் பார்த்தானோ என்று அம்மா அவனைத் திட்டி அனுப்பிவிட்டாள்.

பைண்டிங்குக்கு 300 ரூபாய் போட்டிருக்கிறேன். வேறு எதற்குச் செலவானாலும் பரவாயில்லை, கணக்குக் கேட்க மாட்டேன். லோ பவரில் ஆரம்பி, மறக்காதே. என் போனை எடுக்காவிட்டாலும் அம்மா போன் பண்ணினால் எடு.

அப்பா