பல அறைகளுக்கு ஒரே டிஷ்: ஸ்பிளிட்டர் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய டி.வி. வாங்குவோர் கவனிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில் திரையின் அளவு, ஒலியின் தரம் என்று பலவும் விரிவாகப் பேசப்பட்டிருந்தன. ஆனால் வீட்டில் இரண்டாவது, மூன்றாவது செட்-டாப் பாக்ஸ் வைக்கும்போது டிஷ்ஷிலிருந்து வரும் வயரிங்கை என்ன செய்வது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. டிஷ் பொருத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், நாள்தோறும் என் காதில் விழும் புகார்களில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் முதலில் செய்வது, வருகிற ஒற்றைக் கேபிளில் ஸ்பிளிட்டர் ஒன்றை மாட்டி இரண்டு அறைகளுக்கும் பிரித்துவிடுவது. முதல் நாள் இரண்டும் ஓடும். பிறகு, உள்ளறையில் யாராவது சேனல் மாற்றினால் கூடத்தில் படம் உறைந்து 'சிக்னல் இல்லை' என்று வரும். பாக்ஸ் பழுது என்று மாற்றுவார்கள், டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பார்கள். இரண்டிலும் குறை இருக்காது. டிஷ்ஷின் முன்னால் இருந்து சிக்னலை வாங்கிக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் கருவியான எல்.என்.பி., வானிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேபிளில் இறக்குவதில்லை என்பதே காரணம். 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை, அலை அதிரும் திசையைப் பொறுத்துச் செங்குத்து, கிடைமட்டம் என இரு விதமாக வரும் சிக்னல் முழுவதையும், கேபிளில் அதற்கென உள்ள 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் இடத்துக்குள் அடக்க முடியாது. ஆகவே யுனிவர்சல் எல்.என்.பி. அதை நான்கு பாகங்களாக்கி, கேட்கப்படும் பாகத்தை மட்டும் அனுப்புகிறது. கேட்பது பாக்ஸ்தான்: அது கேபிள் வழியே 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டம், அதனுடன் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் சேர்ந்தால் அலைவரிசையின் மேல் பகுதியான மேல் பட்டை, சேராவிட்டால் கீழ்ப் பட்டை. கேபிள் மாட்டும் ஒரே எல்.என்.பி. வாயிலில் இரண்டு பாக்ஸ்கள் இப்படி மாறி மாறிக் கட்டளையிட்டால், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கடிவாளத்தை இழுக்கும் வண்டியின் கதைதான்.

இரண்டு பாக்ஸ்களுக்கு இரு வாயில்கள் உள்ள ட்வின் எல்.என்.பி.யும் நான்கு வரை குவாட் எல்.என்.பி.யும் போதும், ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிள் இறங்க வேண்டும், அவ்வளவே. ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பாக்ஸில் சேனலைத் தேர்ந்து பிடிக்கும் டியூனர்கள் இரண்டு இருக்கும் என்பதால், அதற்கு இரண்டு கேபிள்கள் என்று கணக்கிடுவது நல்லது. நான்கைத் தாண்டினால் குவாட்ரோ எல்.என்.பி.யும் மல்டிஸ்விட்ச்சும் வேண்டும். பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் கடையிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. குவாட் என்பது ஸ்விட்ச்சை உள்ளேயே வைத்திருப்பது. அதன் நான்கு வாயில்களில் எதிலும் எந்தச் சேனலும் கிடைக்கும். குவாட்ரோவின் ஒவ்வொரு வாயிலும் மேலே சொன்ன நான்கு பாகங்களில் ஒன்றை மட்டுமே நிரந்தரமாகத் தரும். அதை நேரடியாக பாக்ஸில் செருகிவிட்டு, முக்கால்வாசிச் சேனல்கள் காணவில்லை என்று அலைவோர் உண்டு. அந்த நான்கு கேபிள்களையும் வாங்கி, எந்த அறை எதைக் கேட்டாலும் தருவது மல்டிஸ்விட்ச்சின் வேலை. அதிலுள்ள ஐந்தாவது உள்வாயில் சாதாரண ஆன்டெனாவுக்கானது. எட்டு அறை வெளிவாயில் உள்ளதை வாங்கி இப்போதைக்குத் தேவையானவற்றை மட்டும் பயன்படுத்துவதே என் கருத்தில் சிக்கனம். காலியாக இருப்பவற்றை 75 ஓம் மூடியால் அடைத்துவிடலாம். டைசெக் ஸ்விட்ச் என்று மலிவாகக் கிடைப்பதை மல்டிஸ்விட்ச் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. அது பல எல்.என்.பி.க்களில் ஒன்றை ஒரே பாக்ஸுக்குத் தேர்ந்து கொடுப்பது, அதாவது நேர் எதிர்த் திசை வேலை.

பூச்சும் வண்ணமும் முடிந்த வீட்டில் அறைக்கொரு கேபிள் இழுக்க வழியில்லை என்றால், யூனிகேபிள் முறை இருக்கிறது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி அலைவரிசை இடம் ஒதுக்கி, ஒரே கேபிளில் பலவற்றை ஓட்டுவது அது. இ.என். 50494 என்ற ஐரோப்பியத் தரத்தில் 8 டியூனர்கள் வரையும், பின்னர் வந்த இ.என். 50607 தரத்தில் 32 வரையும் இயங்கும். ஆனால் பாக்ஸின் மெனுவில் அந்த வசதி இருப்பதைப் பார்த்த பிறகே பொருள்களை வாங்க வேண்டும். இரண்டு அறைகளில் ஒரே இட எண்ணைப் பதிந்துவிட்டால் பழைய சண்டை மறுபடியும் தொடங்கும்.

இவ்வளவையும் சரியாக வாங்கிவிட்டுக் கேபிளில் கஞ்சத்தனம் செய்வதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மலிவான கேபிள்களின் நடுக்கம்பி முழுச் செம்பு அல்ல, செம்பு பூசிய இரும்பு. உயர் அலைவரிசை கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் சிக்னலுக்கு இதனால் பெரிய பாதகம் இல்லை. ஆனால் எல்.என்.பி.க்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த இரும்பின் வழியாகத்தான் போகிறது. நீளம் கூடினால், பாக்ஸ் அனுப்பும் 18 வோல்ட் மறுமுனையில் இறங்கிப்போய் 13 என்றே எடுத்துக்கொள்ளப்படும். தூரத்து அறையில் மட்டும் கிடைமட்டச் சேனல்கள் எல்லாம் மறையும். எல்.என்.பி. இணைப்பில் இருக்கும்போதே கேபிளின் எல்.என்.பி. பக்க முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இதற்கு பூஸ்டர் வைப்பது வீண். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், கட்டளை வோல்ட்டை உயர்த்தாது.

கனெக்டரும் அப்படித்தான். கேபிளின் உறைக்குள் உள்ள கம்பி வெளிப்பின்னலின் மயிரிழை ஒன்று வளைந்து நடுக்கம்பியைத் தொட்டால் போதும், அந்த அறை முழுவதும் இருட்டாகிவிடும். கையால் திருகி மாட்டும் வகை நாளடைவில் தளர்ந்து மழைநீரை உள்ளே விடுகிறது. அழுத்திப் பொருத்தும் வகையைப் போட்டு, கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டி விழும். மல்டிஸ்விட்ச்சின் ஓரத்தில் உள்ள எர்த் திருகில் கம்பி மாட்டப்பட்ட வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஸ்பிளிட்டர் தயாரிப்போர், 'ஒரு எல்.என்.பி.யில் இரண்டு செட்-டாப் பாக்ஸ்களுக்குப் பயன்படாது' என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும். வீடு கட்டுவோர், மின்வயருக்குக் குழாய் பதிக்கும்போதே மாடியில் ஓரிடத்திலிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனிக் குழாய் விட வேண்டும்; சுவரை உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பொருத்த வருகிறவரிடம், எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்று இரு முனைகளிலும் எழுதி ஒட்டச் சொல்லிவிட்டுப் பிறகு கூலி கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்