ஃபில்டர் தாள் வாயுவையும் குடிக்கும்: கிருஷ்ணகிரி மாவட்டக் காற்று ஆய்வகங்களுக்குத் திறந்த மடல்

காற்று மாதிரி எடுக்கும் ஆய்வகத்தாருக்கு வணக்கம்.

கிரஷரோ கிரானைட் பட்டறையோ ஓசூர் சிப்காட் ஆலையோ, எங்கு எடுத்தாலும் நீங்கள் தரும் பி.எம்.10 (10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்தூசி) எண், காற்றை இழுத்து வடிக்கும் ஒரு ஃபில்டர் தாளின் எடை வித்தியாசத்திலிருந்து வருவதுதான். அந்தத் தாள் தூசியோடு வாயுவையும் பிடித்துக்கொள்கிறது என்பதை அறிக்கைகள் சொல்வதே இல்லை.

சாதாரண கிளாஸ் ஃபைபர் (கண்ணாடி இழை) தாளின் இழையில் காரத்தன்மை உண்டு. நிலக்கரியோ ஃபர்னஸ் ஆயிலோ எரியும் பாய்லர் பக்கத்தில் இருந்தால், கந்தக டை ஆக்சைடு அந்த இழையில் ஒட்டி சல்பேட் ஆகிவிடும். நைட்ரிக் அமில ஆவி நைட்ரேட் ஆகும். தராசுக்கு எல்லாமே தூசிதான். நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர் வீதம் 8 மணி நேரம் ஓடினால் 528 கன மீட்டர் காற்று. அதில் தாள் 5 மில்லிகிராம் வாயுவைப் பிடித்திருந்தால், கன மீட்டருக்கு 9.5 மைக்ரோகிராம் வீணாகக் கூடும். பி.எம்.10-க்கான 24 மணி நேர வரம்பே 100 மைக்ரோகிராம்தான்! புதுத் தாள் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம் குடிக்கும், பிறகு மந்தமாகிவிடும். ஆகவே நாளுக்கு மூன்று தாள் மாற்றினால் மூன்று தடவையும் புதிதாகக் குடிக்கும்.

குவார்ட்ஸ் தாளில் இந்த அமிலத் தொல்லை குறைவு. ஆனால் லாரிகள் வரிசைகட்டும் கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கம் வைத்தால், டீசல் புகையின் கரிம ஆவியை அது உறிஞ்சும். பிளாஸ்டிக் கவரில் வைத்தாலே போதும், கவரிலிருந்து வரும் ஆவியும் ஏறும். பயன்படுத்தும் முன் குவார்ட்ஸ் தாளை 550 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் சில மணி நேரம் சுட்டு, சுட்ட அலுமினியத் தாளில் சுற்றுங்கள். தாளை அழுத்திப் பிடிக்கும் கேஸ்கெட்டில் ஒட்டிய இழையையும் சுரண்டிச் சேர்த்து எடை போடுங்கள். விட்டால் எடை குறையும்.

டெஃப்லான் தாள் வாயுவை அவ்வளவாகச் சீண்டாது. அதன் குறை வேறு: வெயில் ஏறினால் அதில் பிடிபட்ட அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகிப் போகும். மாதிரியைக் குளிர்பெட்டியில் கொண்டுவாருங்கள்.

தாள் குடித்த வாயுவைக் கணிக்க, களத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பும் வெற்றுத் தாள் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அதன் வழியே காற்று ஓடவில்லையே! டெஃப்லானுக்குப் பின்னால் ஒரு குவார்ட்ஸ் தாள் வைத்து, அதில் ஏறிய கரிமத்தை அளந்தால், குவார்ட்ஸ் தாள் குடிக்கும் கரிம ஆவி எவ்வளவு என்று மதிப்பிட முடியும்.

இனி ஒவ்வொரு அறிக்கையிலும் தாளின் வகை, லாட் எண், ஓடிய நேரம், பின் தாள் வைத்திருந்தால் அதன் அளவு ஆகியவற்றை எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
காற்று அளவீட்டுக் களப்பணியாளர்கள், ஓசூர்