மணிக்கணக்கு அறையை மூடினால் யாருக்கு லாபம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மணிக்கணக்கில் அறை வாடகைக்கு விடும் ஹோட்டல்களை எல்லாம் மூடவேண்டும், அவை குடும்பங்களைக் கெடுக்கின்றன, நம் சமூகத்துக்கே இழுக்கு என்று ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்தேன். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இங்கே சிங்கப்பூரில், பாலஸ்டியர் பக்கம் அப்படிப்பட்ட ஒரு சின்ன ஹோட்டலின் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான், அதுவும் பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். அவர் நினைக்கிற மாதிரி ஆட்கள் வந்தார்கள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வந்தவர்களில் அவர்கள் எவ்வளவு பேர், மற்றவர்கள் யார் என்று அந்த வாசகருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முதலில் பதிவுத் திருமணம் முடித்த நம் பிள்ளைகள். பிடிஓ என்கிற, முன்பதிவு செய்தபின் கட்டித்தரும் அரசாங்க வீட்டுக்கு எழுதிவிட்டு ரெஜிஸ்ட்ரியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், தாலி கட்டும் விருந்தும் அப்புறம். மண்டபம் கிடைக்கவேண்டும், காசு சேரவேண்டும், ஊரிலிருந்து பெரியப்பா வரவேண்டும், அதற்குள் ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ஓடிவிடும். சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. ஆனால் தாலி ஏறாமல் ஒரே அறையில் படுக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம், வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுச் சாவி கைக்கு வரவோ நாலைந்து வருஷம். அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? வேலை முடிந்து சட்டையில் ஆபீஸ் பாஸ் தொங்க, கையில் சாப்பாட்டுப் பையோடு வந்து நிற்பார்கள், அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், ஐயோ தமிழ் ஆன்ட்டி, என்று தலையைக் குனிந்துகொள்ளும். எனக்குத்தான் பாவமாக இருக்கும்.

அப்புறம் கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனவர்கள். மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டுதான் என்பது நமக்குத் தெரியும். ஒன்றில் மாமனார் மாமியார், ஒன்றில் இவர்களும் இரண்டு பிள்ளைகளும், ஹாலில் கொழுந்தனார். சுவர் எவ்வளவு மெல்லிசு என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. மாதம் ஒரு தடவை, தேக்காவுக்கு மளிகை வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, நிஜமாகவே மளிகையும் வாங்கிக்கொண்டு போகிற ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். பாதி நேரம் அந்த அக்கா தூங்கத்தான் வந்தாராம், அவரே சொல்லிச் சிரித்தார்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியர் மனைவியை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. சார்ந்திருப்போர் அனுமதிக்குச் சம்பளமே மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி வேண்டும், கட்டுமானத்தில் நிற்கிறவருக்கு அது எட்டுமா? அபூர்வமாக யாராவது காசு சேர்த்து மனைவியைச் சுற்றுலா விசாவில் ஒரு பத்து நாளைக்கு அழைத்துவருவார். ஊழியர் தங்குவிடுதியில் மனைவியைத் தங்கவைக்க முடியாது, மனைவி யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டு ஹாலில் படுப்பார். பகல் வேலை முடிந்து வந்து நாலு மணி நேரம் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசவாவது ஓர் இடம் வேண்டாமா? முழு ராத்திரிக்கான வாடகை அவருக்குக் கட்டுப்படியாகாது, டிரான்சிட் ரேட் என்கிற மணிக்கணக்கு வாடகை கட்டுப்படியாகும். அதுவும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் என்றால் டெஸ்கர் ரோடு, ரோவல் ரோடு வழியாக நடக்கவேண்டும், சிவப்பு விளக்குத் தெருக்கள் என்று அவற்றுக்கு இருக்கிற பெயர் எல்லாருக்கும் தெரியும். ஊரில் கழுத்து நிறையத் தாலி கட்டிக்கொண்டு வந்த பெண்ணை, அங்கே நடந்தாள் என்பதற்காகப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத்தான் நான் இழுக்கு என்பேன்.

கல்யாணம் ஆகாதவர்களும் வந்தார்கள், ஏன் வரக்கூடாது? 35 வயது ஆகாமல் ஒண்டியாள் வீவக வீடு வாங்க முடியாத ஊர் இது, தனியார் வீட்டு வாடகையோ கேட்டாலே தலை சுற்றும். 32 வயதில், விவாகரத்து ஆகி அம்மா வீட்டுக்குத் திரும்பிய ஒருத்தி, தனக்குப் பிடித்த ஒருவரைச் சந்திக்க அம்மாவின் ஹால்தான் இடமா? மனைவியை இழந்த ஓர் ஐயாவும் கணவரை இழந்த ஓர் அம்மாவும் வருவார்கள், இரண்டு பேருக்கும் வளர்ந்த பிள்ளைகள், பிள்ளைகளுக்குத் தெரிந்தால் சொத்துச் சண்டை வரும் என்று பயம். ஆணும் ஆணும் வருவார்கள். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நீக்கியது, 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அப்படி வருகிறவர்கள் கவுண்டரில் நின்று சத்தமாக, டுவின் பெட் இருக்கா, என்று கேட்பார்கள், எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகவே. இப்போது யாரும் அப்படி நடிப்பதில்லை.

சரி, துரோகம் செய்கிறவர்கள்? வந்தார்கள். துப்பறிவாளர்கள் எதிர் காப்பிக்கடையில் கேமராவோடு உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். விவாகரத்து வழக்கில் அந்தப் படம் உதவும், ஆனால் கள்ள உறவு இங்கே காவல்துறை பிடித்துக்கொண்டு போகிற குற்றம் இல்லை. ஹோட்டலை மூடினால் அவர்கள் காரில் போவார்கள், கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாருவுக்குப் போவார்கள். கதவை அடைத்துவிட்டால் கல்யாணம் நிலைக்கும் என்றால் எல்லாருக்கும் எவ்வளவு சுலபம்!

காசுக்கு நடக்கிற விஷயத்தைப் பற்றியும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். விபசார விடுதி நடத்துவது, தரகு பார்ப்பது, அந்த வருமானத்தில் வாழ்வது எல்லாம் மாதர் சாசனம் என்ற சட்டத்தின் கீழ் குற்றம். ஒரே ஆள் ஒரே நாளில் வேறு வேறு பெயரில் அறை எடுத்துக்கொண்டு, அறைக்கு வரிசையாக ஆட்கள் போனால் எங்களுக்குத் தெரிந்துவிடும், மேனேஜரிடம் சொல்வோம், காவல்துறைக்குத் தகவல் போகும். ஜூ சியட் பக்கம் 2000களில் குடியிருப்பாளர்கள், எங்கள் வாசலில் இதெல்லாம் வேண்டாம் என்று முறையிட்டார்கள், அது நியாயமான முறையீடுதான், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற தெருவில் ராத்திரி முழுக்கச் சத்தம் என்றால் யார் பொறுப்பார்? ஆனால் அங்கே பிரச்சினை சத்தமும் தரகர்களும். இரண்டு பெரியவர்கள் பணம் கட்டி ஓர் அறையில் இரண்டு மணி நேரம் இருப்பது அதோடு சேராது.

இதே இரண்டு மணி, நாலு மணி வியாபாரத்தைச் சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் கடைத்தொகுதிக்குள் போய்ப் பாருங்கள். யோட்டல்ஏர் என்ற ஹோட்டல் குறைந்தது நாலு மணி நேரத்துக்கு அறை தருகிறது. விமானம் ஏறவேண்டும் என்றுகூட இல்லை, ஜுவல் எல்லாரும் போகிற இடம். அங்கே யாராவது முகம் சுளிக்கிறார்களா? அங்கே அது வசதி, சிவப்பு விளக்குப் பகுதி என்று பெயர்பெற்ற கேலாங் லோரோங்கில், அதாவது சந்தில், அது அசிங்கம். அந்த வாசகர் ஜுவலையும் சேர்த்து மூடச் சொல்லியிருந்தால் அவர் நேர்மையை மெச்சியிருப்பேன்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதில்தான் நம்மவர்களுக்கு நிறையக் குழப்பம். தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஜோடிகள் கவுண்டரில் நின்றதுமே கைப்பேசியைத் திறந்து கல்யாணப் போட்டோவைக் காட்டுவார்கள், ஒருவர் அழைப்பிதழையே கொண்டுவந்திருந்தார். அங்கே லாட்ஜில் போலீஸ் வந்து கதவைத் தட்டிய கதையெல்லாம் அவர்கள் மனதில் இருக்கும். அங்கேயே, கோயம்புத்தூரில் கல்யாணமாகாத ஜோடிக்கு அறை கொடுத்ததாகச் சீல் வைத்த இடத்தின் வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அப்படி அறை கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. தங்குகிற ஆட்களின் விவரத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது ஹோட்டல் உரிம விதி, அதனால் ஐசி என்கிற அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ இரண்டு பேரும் காட்டவேண்டும். எண்ணைப் பதிவு செய்வதால் பயப்படவேண்டாம், 2019 செப்டம்பரிலிருந்து கடைக்காரர்கள் யாரும் ஐசி எண்ணை வாங்கக்கூடாது என்று வந்தபோதும், ஹோட்டலில் அது சட்டம் கேட்பது என்பதால் விதிவிலக்கு. உறவு என்ன என்று கேட்பது எங்கள் வேலை இல்லை, வயதைப் பார்ப்பதுதான் வேலை. நான் இருந்த இடத்தில் 18 ஆகாதவர்களுக்கு அறை கிடையாது, எத்தனை கெஞ்சினாலும் கிடையாது.

யாராவது அம்மா போன் பண்ணி, என் மகள் அங்கே இருக்கிறாளா, என்று அழுவார். மனசு கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லமாட்டோம். காவல்துறை கேட்டால் கொடுத்தாகவேண்டும், மற்றபடி அந்தப் புத்தகம் யாருக்கும் இல்லை.

ஹோட்டலுக்கு வர வெட்கப்பட்டு இந்த ஐசிக்குப் பயந்து ஓடுகிறவர்கள் எங்கே போய் மாட்டுகிறார்கள் என்பதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். கைப்பேசியில் யாரோ, கொண்டோவில் ரூம் இருக்கு, பதிவு கிடையாது, அட்டை வேண்டாம், நேரே மேலே வந்துவிடலாம் என்று அனுப்புவார்கள். கொண்டோ மாதிரித் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாது, 2017-க்கு முன்னால் அது ஆறு மாதம், வீவக வீட்டுக்கு இன்றும் ஆறு மாதம்தான். 2018-இல் இப்படி விட்ட இரண்டு பேருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விழுந்தது. அபராதம் வாடகைக்கு விட்டவருக்குத்தான், ஆனால் அந்தச் சட்டவிரோத அறையில் உங்கள் பையைக் காணோம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? கேமரா வைத்திருந்தால்? தென் கொரியாவில் 2019-இல் 30 விடுதிகளின் அறைகளில் ஒளித்துவைத்த கேமராக்களால் சுமார் 1,600 பேரைப் படம்பிடித்து இணையத்தில் நேரலையாகவே காசுக்குக் காட்டியிருந்தார்கள். அவையெல்லாம் முறையான விடுதிகள், அங்கேயே அப்படி என்றால் பெயர் தெரியாதவன் வீட்டு அறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இங்கே அப்படி ஒளிந்திருந்து படம் எடுப்பது 2020 ஜனவரி முதல் தனிக் குற்றம், சிறை, அபராதம், பிரம்படி வரை போகும். அறைக்குள் போனதும் புகை அலாரம், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக், கட்டிலைப் பார்த்து நிற்கிற கடிகாரம் இவற்றை ஒரு பார்வை பார்ப்பதில் தப்பே இல்லை, எங்கள் ஹோட்டலாக இருந்தாலும் பாருங்கள். ஏதாவது கிடைத்தால் கையால் பிடுங்காமல் போலீசைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு மோசடியும் இருக்கிறது, நம் தம்பிமார் நிறையப் பேர் வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டது. செயலியில் ஒரு பெண் பழகுவாள், இந்த ஹோட்டல் வாசலுக்கு வா என்பாள், வந்து நின்றதும் முதலில் பில் கட்டுகிற ஏஎக்ஸ்எஸ் மெஷினில் இவ்வளவு கட்டு, அல்லது கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் அனுப்பு என்பாள். கட்டினால் இன்னும் கேட்பார்கள், கட்டாவிட்டால் ஒருவன் பேசி, உன் வீட்டு முகவரி தெரியும் என்று மிரட்டுவான். பெண்ணே இருக்கமாட்டாள். எங்கள் லாபியில் இப்படி ஏமாந்து போய் உட்கார்ந்த பையன்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், போலீசுக்குப் போ என்றால், ஐயோ மானம் போய்விடும் என்பார்கள். மோசடி உதவி எண் 1799-க்கு அழைத்தால் மானம் போகாது, மிச்சக் காசாவது தப்பும்.

அறை எடுக்கிறவர்கள் உரிமம் உள்ள இடத்திலேயே எடுங்கள், உரிமம் பெற்ற ஹோட்டல்களின் பட்டியல் பயணத்துறைக் கழகத்திடம் வெளிப்படையாகவே இருக்கிறது. சனி ஞாயிறும் பொது விடுமுறைக்கு முந்தின இரவும் மணிக்கணக்கு ரேட் பல இடங்களில் ஏறும் அல்லது இருக்கவே இருக்காது, போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். பிளஸ் பிளஸ் என்றால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 9 விழுக்காடு ஜிஎஸ்டி. டெபாசிட் கொடுத்தால் ரசீது வாங்குங்கள், நேரம் எப்போது ஆரம்பிக்கிறது, சாவி வாங்கிய நிமிடத்திலிருந்தா அறைக்குள் போனதிலிருந்தா என்று கேளுங்கள், அரை மணி தாமதத்துக்குக் கவுண்டரில் நடக்கிற சண்டைகளில் முக்கால்வாசி இதனால்தான்.

இந்தத் தொழில் நடத்துகிற முதலாளிகளுக்கும் ஒன்று. ரேட்டை வாசலிலேயே எழுதிப் போடுங்கள். கவுண்டருக்குத் தடுப்பு வையுங்கள், பின்னால் நிற்கிறவர் காதில் விழும்படி, டூ அவர்ஸா ஓவர்நைட்டா, என்று ஊழியர் கத்தவேண்டியதில்லை. மெத்தை விரிப்பை ஒவ்வோர் ஆளுக்கும் மாற்றச் சொல்கிறீர்கள், ஆனால் ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை அறையை ஒரே அக்கா சுத்தம் செய்கிறார் என்று என்றைக்காவது எண்ணியிருக்கிறீர்களா? வருகிறவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிற வாசகர், அந்த அக்காவின் முதுகு வலியைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போடவேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை, மகளின் மாமியார் வீட்டில் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ