நடுக்கமும் ஒரு ‘ப்’பும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு முட்டி பரவாயில்லை, கைதான் தகராறு. நீ கேட்டதற்கும் அந்தக் கைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

பறவைக் கட்டுரைகளை விக்கியில் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது எப்படி, நம் வீட்டு ஆட்களைத் தவிர யாரும் பார்க்காமல் இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். அந்த இரண்டாவது கேள்வியை நான் போன வருடம் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

கார்த்திகை மாதம், காப்பி டம்ளரைப் பிடிக்கும்போது வலது கை லேசாக ஆட ஆரம்பித்தது. வீட்டில் சொல்லவில்லை. அப்பா கடைசிக் காலத்தில் நடுக்குவாதத்தோடு பட்ட பாடு உனக்குத் தெரியும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அந்த நோய், அதன் மருந்துகள் என்று கட்டுரை கட்டுரையாகப் படித்தேன். நான் எழுதும் விக்கி ஒன்றில், பேர் வேண்டாம், விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுவதுதான், நூல் உருவாக்கும் வசதி உண்டு. அதை இயக்கினால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்தப் பக்கத்தை நூலில் சேர்க்க ஒரு சுட்டி வரும். சேர்த்ததை வரிசைப்படுத்தலாம், அத்தியாயம் பிரிக்கலாம். சேமிக்காமல் விட்டால் அமர்வு முடிந்ததும் எல்லாம் போய்விடும். முதல் நாள் அப்படித்தான் இருபது கட்டுரையைத் தொலைத்தேன். அந்த அவசரத்தில், மறுநாள் சேமிக்கும்போது ‘சமூக நூலா, சொந்த நூலா’ என்று கேட்டதும் ‘சொந்த’த்தை அழுத்திவிட்டேன். தலைப்பு: ‘கை நடுக்கம் பற்றி படிக்க வேண்டியவை’.

இரண்டு நாள் கழித்து என் கவனிப்புப் பட்டியலில், அதாவது நான் கண் வைத்திருக்கும் பக்கங்கள் மாறினால் காட்டும் பட்டியலில், அந்தப் பக்கம் மேலே வந்து நிற்கிறது. யாரோ தொகுத்திருக்கிறார்கள். என்ன மாற்றம் என்று திறந்தால், ஒரே ஓர் எழுத்து. ‘பற்றி படிக்க’ என்று நான் எழுதியதை ‘பற்றிப் படிக்க’ என்று திருத்தி, ‘ஒற்றுப்பிழை’ என்று குறிப்பும் போட்டிருந்தார் ஒரு புண்ணியவான். தப்பு என்னுடையதுதான், தமிழ் வாத்தியார் மகன் விட்ட ‘ப்’. ஆனால் உடம்பு சில்லிட்டது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தை மாதம் ஒரு கல்யாணத்தில் இன்னொரு பங்களிப்பாளர், என் மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, ‘கை இப்போ எப்படி இருக்கு சார்?’ என்றார். பந்தியில் பாயசம் வரும்வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

விக்கியில் ‘சொந்த’ என்றால் அது யார் பேரில் இருக்கிறது என்பதுதான் பொருள். யார் பார்க்கலாம் என்பதில்லை. சொந்த நூல் போய் உட்காரும் இடம் நம் பயனர் பக்கத்துக்கு அடியில் ஒரு துணைப்பக்கம். அதுவும் மற்றப் பக்கங்களைப் போலத்தான்: அண்மைய மாற்றங்களில் வரும், வரலாறு சேரும், யாரும் தொகுக்கலாம். அழித்துவிடலாம் என்று போனேன். உள்ளே இருந்ததை எடுத்தால் பழைய பதிப்பு வரலாற்றில் அப்படியே இருக்கிறது. பக்கத்தையே நீக்க நிர்வாகியைக் கேட்க வேண்டும். அதை நான் கேட்டதும் எல்லோரும் படிக்கும் பேச்சுப் பக்கத்தில்தான். நீக்கிய பிறகும் நிர்வாகிகளால் பார்க்க முடியும். நீக்கல் பதிவேட்டில் தலைப்பு இன்னும் நிற்கிறது, அந்த ‘ப்’ இல்லாமலேயே.

நாலு பேர் பார்ப்பதுதான் விக்கிக்குக் காவல் என்பது எனக்கும் புரியாமல் இல்லை. 2015-ல் ஆங்கில விக்கிப்பீடியாவின் கைபேசிப் பதிப்பில் ‘கேதர்’ என்று ஒரு சோதனை நடந்தது. கணக்கு உள்ளவர்கள் கட்டுரைத் தொகுப்பு உண்டாக்கிப் பேர் வைத்துப் பொதுவில் காட்டலாம். வழக்கமான கருவிகளுக்கு வெளியே இருக்கும் இந்தத் தொகுப்புகளை யார் கண்காணிப்பது என்று அங்கே எழுதுபவர்கள் சண்டை பிடித்தார்கள்; கடைசியில் அதை மூடிவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் நான் அழுத்திய அந்தச் ‘சொந்த நூல்’ பொத்தானில் ‘எல்லோரும் பார்ப்பார்கள்’ என்று இரண்டு வார்த்தை போட என்ன கேடு?

கவனிப்புப் பட்டியல் இதற்கு நேர்மாறு. நான் எதைக் கவனிக்கிறேன் என்பது வேறு பயனர் யாருக்கும் தெரியாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தைக் கவனிப்பவர்கள் 30 பேருக்குக் குறைவு என்றால் சாதாரணப் பயனருக்கு எண்ணிக்கையைக்கூடச் சொல்லாது. கவனிப்பாரற்ற பக்கம் எதுவென்று விஷமிகளுக்குத் தெரிந்துவிடுமே. ஆனால் படிக்கச் சேர்த்து வைக்க அது லாயக்கில்லை. என்னுடையதில் நடுக்குவாதமும் நாச்சியார்கோயிலும் ஒரே மூட்டையாகக் கிடக்கின்றன. தமிழ் விக்கிக்கு ஒரு மூட்டை, ஆங்கிலத்துக்கு வேறு.

உனக்குச் சரிப்படுவது கைபேசியில் விக்கிப்பீடியா செயலி. அதில் வாசிப்புப் பட்டியல் போடலாம். தமிழ்க் கட்டுரையும் ஆங்கிலக் கட்டுரையும் ஒரே பட்டியலில் இருக்கும். இணையம் இல்லாமலும் திறக்கலாம். கணக்கில் நுழைந்து ஒத்திசைவை இயக்கினால் கைபேசி மாற்றினாலும் போகாது. நீயாகப் பகிராத வரை மற்றவர்கள் பார்க்க முடியாது. ஆனால் பறவைகளுக்கு ஏன் ஒளிவுமறைவு? அதைப் பயனர் துணைப்பக்கத்திலேயே போடு. பூநாரையை நீ விட்டிருந்தால் யாராவது சேர்த்துவிட்டுப் போவார்கள்.

அப்புறம், கையைக் காட்டினேன். நடுக்குவாதம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது ஆட்டும், உங்களுக்கு டம்ளரைத் தூக்கும்போதுதானே ஆடுகிறது, இது வேறு என்றார் டாக்டர். காப்பியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டிலிருந்து ஒன்றாக்கியிருக்கிறேன், மனைவி எண்ணுகிறாள். பங்குனியில் வருகிறேன் என்றாயே, தேதியை எழுது. உன் வீட்டுக் கணக்கில் இரண்டாவது காப்பி குடித்துக்கொள்கிறேன்.

உன்,
கணேசன்