அவையின் நேரம் கரைந்ததாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகளாக உங்கள் நாளிதழை வாங்குகிறவள் நான். விலை ஏறியபோதும் நிறுத்தவில்லை, ஞாயிறு இணைப்பு மெலிந்தபோதும் நிறுத்தவில்லை. ஆனால் சென்ற வியாழக்கிழமை சட்டப்பேரவைச் செய்திகளின் அடியில் நீங்கள் போட்டிருந்த ஒரு வரியைப் படித்த பிறகு, மறுநாள் காலை பேப்பர் போடும் தம்பி கதவைத் தட்டியபோது எழுந்து போக மனம் வரவில்லை.

"உறுப்பினர் துணைக் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போய், அவையின் நேரத்தில் ஒன்பது நிமிடத்தைக் கரைத்தார்." இதுதான் அந்த வரி. கரைத்தாராம். எனக்குத் தெரிந்து புளியைத்தான் கரைப்பார்கள்.

அவர் என்ன கேட்டார் என்பதை உங்கள் செய்தியாளர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அந்த இரண்டு வரியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு மாத்திரை கொடுப்பது ஒரு துறை, உதவித்தொகை கொடுப்பது வருவாய்த் துறை, சக்கர நாற்காலி மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, முதியோர் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது சமூக நலத் துறை. இத்தனை துறை இருக்க, அந்த மனிதருக்கு மொத்தமாகப் பொறுப்பு யார் என்று கேட்டிருக்கிறார். சில விஷயங்கள் வேறு துறையைச் சார்ந்தவை, ஆவன செய்யப்படும் என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலுக்கு எத்தனை நொடி ஆயிற்று என்று உங்கள் செய்தியாளர் கடிகாரம் பார்த்ததாகத் தெரியவில்லை. கேள்வி கேட்டவர் என் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய சின்னத்தில் நான் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை.

ஒன்பது நிமிடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும் ஐயா. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு பாதி போய்விட்டது. துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக மூட்டை தூக்கியவர். படுத்தும் கனம் குறையவில்லை. அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, ஈர விரிப்பை உருவி, உலர்ந்ததைச் செருகி, மூத்திரப் பையின் குழாய் மடங்காமல் பார்த்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு முடிக்க ஒற்றை ஆளுக்குச் சரியாக ஒன்பது நிமிடம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். இரவுக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன். சிரித்தார். எனக்கு வயது அறுபத்தேழு.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கே வந்து பார்க்க 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலப் பெண் தங்கமானவள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். அந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தபோது அவளுக்கே கிடைத்தது போல நான் மகிழ்ந்தேன். ஆனால் அவள் பையில் மாத்திரைதான் இருக்கிறது. அவரைத் தூக்கி உட்காரவைக்க இன்னொரு கை வேண்டுமே, அது எந்தத் துறையின் பையில் இருக்கிறது? அந்த உறுப்பினர் கேட்டது இதைத்தானே?

ஊனச் சான்றிதழ் வாங்கப் போன கதையைக் கேளுங்கள். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன், வீண் வம்பு. நோயாளியை நேரில் அழைத்து வரவேண்டும் என்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு கட்டி, காசிமேட்டில் ஐஸ் தூக்கும் பையன்கள் இரண்டு பேர் படி இறக்கினார்கள். முகாமில் மூன்று மணி நேரம். பிறகு, இன்று எலும்பு மருத்துவர் மட்டும்தான் வந்திருக்கிறார், நரம்பு மருத்துவர் அடுத்த புதன்கிழமை வருவார் என்றார்கள். அந்தப் புதன்கிழமை ஐஸ் பையன்களுக்கு வேலை இருந்தது. மூன்றாவது முறைதான் சான்றிதழ் கிடைத்தது. பராமரிப்பு உதவித்தொகை மனு இன்னும் வரிசையில் இருக்கிறது.

முதியோர் உதவித்தொகையாவது வருமா என்று பார்த்தேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம்: "ஆதரவற்றவர் அல்ல, மனைவி உண்டு." அந்த ஆதரவு நான்தான். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றபோது எனக்குக் கிடைத்த சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். அந்த முதியோர் உதவித்தொகையைக் கொடுத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கிறேன். 1962இல் 20 ரூபாயில் தொடங்கிய உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. எண்பது வயது ஆகாதவர்களுக்கு அதில் மத்திய அரசு தரும் பங்கு, 2007இல் கொடுத்த அதே 200 ரூபாய். பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பொட்டலம் அந்தப் பணத்துக்குக் கிடைக்குமா என்று எங்கள் தெரு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். அதை உயர்த்துங்கள் என்று ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. அவர்களும் நேரத்தைக் கரைக்கிறார்கள் போலும்.

கேள்வி கேட்பது என்றால் என்ன என்று சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பதிவேட்டைவிட மூன்று குறைந்தது. வழியில் உடைந்த முட்டைகள். மூன்று முட்டைக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கம் இரண்டு பக்கம். அவர் செய்தது தவறில்லை, குழந்தைகள் முட்டை அது. அன்று அவர்மேல் வந்த எரிச்சல் இன்று இல்லை. மூன்று முட்டைக்கு இரண்டு பக்கம் கேட்கிற அரசாங்கம், படுக்கையில் கிடக்கும் மனிதர்களுக்கு "ஆவன செய்யப்படும்" என்று இரண்டு சொல்லில் முடிக்கலாமா?

பதிவேடு பற்றி இன்னொன்று. துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது அவையில் வைத்த கொள்கை விளக்கக் குறிப்பைப் பேரன் கைபேசியில் எடுத்துக் கொடுத்தான். பயன்பெற்றவர்கள் எண்ணிக்கை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் ஆறியது, எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்தார்கள் என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்பதும் உண்மைதான். மொத்தக் கணக்கு எப்போதும் ஏறும், இறங்காது. நானும் அப்படிப் பதிவேடு எழுதியிருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பது வடசென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி மருத்துவமனை. என் மாமியார் கடைசிவரை "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொன்னார். பசித்தவனுக்குக் கஞ்சியும் நோயாளிக்கு மருந்தும் ஒரே வளாகத்தில் இருந்த ஊர் இது. இப்போது கஞ்சி ஒரு துறை, மருந்து ஒரு துறை.

2023 ஜூனில் கிண்டியில் ஆயிரம் படுக்கை மருத்துவமனை திறந்தபோது நீங்கள் முழுப்பக்கம் போட்டீர்கள். 2024இல் அதே கிண்டியில் முதியோருக்கென்று தனி மருத்துவமனை திறந்தபோதும் வண்ணப்படம் வந்தது. முதியோர் எல்லாரும் கிண்டியில்தான் குடியிருக்கிறார்களா என்று கேட்டு அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை. மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். 2021 முதல் விம்கோ நகர்வரை ஓடுகிறது, உண்மை. பிளாஸ்டிக் நாற்காலியோடு ஏற்றுவார்களா? பெரியார் நகரில் 2025இல் புதிய மருத்துவமனைக் கட்டடம் வந்ததையும் மறக்கவில்லை, அங்கும் நாம்தான் போகவேண்டும். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டமும் அப்படித்தான். மருத்துவமனைக்கு வரும் முதியவருக்குத் தனி வரிசை, இயன்றவரை படுக்கை என்று அழகாகச் சொல்கிறது. வர முடியாதவருக்கு வரிசை எங்கே?

உங்கள் இதழில் எங்கள் பகுதி வருவதெல்லாம் வெட்டுக்குத்துச் செய்தியில்தான். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது மட்டும் படகிலேயே வந்து படம் எடுத்தீர்கள். அந்த மீனவர்களின் தோல் ஆறியதா என்று கேட்க யாரும் திரும்பி வந்ததாக நான் படிக்கவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களும் வரவில்லை. அது கிடக்கட்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மக்கள் நல்வாழ்வு, சமூக நலம் பற்றிய கேள்விகளையும் அவற்றுக்கு அமைச்சர்கள் சொன்ன பதில்களையும் வாரத்துக்கு ஒருமுறை அரைப் பத்தியில் அப்படியே அச்சிடுங்கள். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி. அவையில் கொடுத்த வாக்குறுதிகளைப் பின்தொடர உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அது என்ன எழுதுகிறது என்று எப்போதாவது எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் "கரைத்தார்" என்ற சொல்லுக்கு வருத்தம் தெரிவிக்க முடியுமானால் தெரிவியுங்கள், முடியாவிட்டால் அந்தச் செய்தியாளரை ஒருநாள் இரவு எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். ஒருபக்கம் அவர் பிடித்துக்கொண்டால் விரிப்பை நான் உருவிவிடுவேன்.

இதை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். உதவித்தொகை மனு இன்னும் அவர்கள் மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை.